தொகுதியா, தளமா, சம்மதமா? வெளிநாட்டு உதவிக்கு ஒரு கலைச்சொல் வேணும்

எழுதினது: திருகோணமலை மொழிபெயர்ப்புக்காரன்

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு சொல்லில மாட்டுப்பட்டு ரெண்டு நாளா நிக்கிறன். பணக்கார நாட்டு அரசாங்கங்கள் வெளிநாட்டு உதவி எண்டு குடுக்கிற காசைப் பற்றி தங்கட சொந்தச் சனத்துக்கு விளங்கப்படுத்தி, அவையின்ர ஆதரவையும் எடுக்கிறது எப்பிடி எண்டு ஒரு அறிக்கை, அதைத் தமிழாக்கச் சொல்லித் தந்திருக்கினம். அதில பக்கத்துக்குப் பக்கம் 'கொன்ஸ்ட்டிட்டுவென்சி பில்டிங்' எண்டு வருது, ஒரு விசயத்துக்குப் பின்னால நிக்கிற சனத்தைச் சேர்க்கிறது எண்டு கருத்து, ஆனா 'கொன்ஸ்ட்டிட்டுவென்சி' எண்டா தேர்தல் தொகுதியும்தான். இதுக்கு முந்தின அறிக்கையில ஆரோ ஒராள் 'வெளிநாட்டு உதவிக்கான தொகுதியைக் கட்டியெழுப்புதல்' எண்டு போட்டிருக்கிறார். அதை ஒரு பட்டறையில வாசிக்கேக்க பின்வாங்கில இருந்த மீன்பிடிச் சங்கத்து ஐயா எழும்பி "எந்தத் தொகுதி தம்பி, மூதூரா சேருவிலையா?" எண்டு கேட்டார். மண்டபமே சிரிச்சுது, ஆனா அவர் பகிடிக்குக் கேக்கேல்ல. திருகோணமலையையும் சேர்த்து எங்கட மாவட்டத்தில மூண்டே மூண்டு தேர்தல் தொகுதி, நாலாவதையும் கட்டப்போறாங்கள் எண்டு அந்தாள் பயந்ததில என்ன பிழை.

உங்களிட்ட ஏதாவது சொல் இருக்கோ? வெள்ளிக்கிழமை குடுக்கோணும்.

*

எழுதினது: கோயமுத்தூர்

வணக்கம்ணா. நான் பாத்த வரைக்கும் ரொம்ப சிம்பிள், 'கொடையாதரவு திரட்டல்'னு போட்டுருங்க. கொடைங்கிறது நம்ம சொல்லு, ஆதரவு திரட்டல் எல்லாருக்கும் புரியும். எங்க ஊர்லயே நடந்துச்சே, 2022-ல உங்க நாட்டுல அரிசி, மருந்துக்கெல்லாம் தட்டுப்பாடு வந்தப்போ ஏப்ரல் 29-ம் தேதி எங்க சட்டமன்றத்துல ஒருமனதா தீர்மானம் போட்டாங்க, 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து அனுப்புறதுன்னு, அப்புறம் முதல்வர் மக்கள்கிட்டயும் நிதி கேட்டாரு. எங்க டீக்கடையில அதை யாரும் தப்பா பேசி நான் கேக்கல. ஏன்னா யாருக்குப் போகுது, எதுக்குப் போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு.

*

எழுதினது: கிண்ணியா

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி சொன்ன அரிசியை நம்மட பக்கம் மறக்கல்ல, ஆனா 'கொடை' எண்ட சொல்லுக்கு நான் முழு எதிர்ப்பு. நான் கணக்கியல் படிப்பிக்கிற ஆள், நன்கொடையும் கடனும் ஒரே நிரல்ல வந்தா பிள்ளைக்கு மாக்ஸ் இல்லை.

எங்கட பாலத்தையே எடுங்க. 396 மீட்டர், 2009ல திறந்தது, அதுக்கு முதல் பாதைக்கு லைன்ல நிண்டு நிண்டு காலம் போனது வாப்பாமாருக்குத் தெரியும் (இந்தியாத் தம்பிக்கு: பாதை எண்டா ரோட்டு இல்ல, வாகனத்தையும் ஆக்களையும் ஏத்திக்கொண்டு தண்ணிய கடக்கிற மிதவை). இண்டைக்கும் ஊர்ல 'சவூதி தந்த பாலம்' எண்டுதான் கதை. தந்தது இல்ல, சவூதி அபிவிருத்தி நிதியத்தின்ர கடன். வட்டி குறைவு, தவணை நீளம், ஆனா கடன் கடன்தான். பணக்கார நாடுகள் சேர்ந்து வச்சிருக்கிற வரைவிலக்கணத்திலயும் அப்பிடித்தான், நன்கொடையும் சலுகைக் கடனும் ரெண்டும் 'உதவி'க்குள்ளதான் வரும். அதால கொடை வேணாம், 'உதவி' இருக்கட்டும். 'உதவிக்கான மக்கள் ஆதரவுத் தளம்' எப்படி?

*

எழுதினது: டொரொண்டோ

தம்பிமார், நீங்கள் எல்லாரும் வாங்கிற பக்கத்தில நிண்டு யோசிக்கிறியள், நான் வரி கட்டுற பக்கத்தில இருந்து சொல்லுறன். 'ஆதரவு திரட்டல்' எண்டவுடன எனக்கு மைக் கட்டின வாகனம்தான் ஞாபகம் வருது. அது பரப்புரை. கனடாவில 2008இல ஒரு சட்டமே வந்தது, உதவிக் காசு வறுமையைக் குறைக்கோணும், ஏழைச் சனத்தின்ர கருத்தையும் கணக்கில எடுக்கோணும், வருசா வருசம் பாராளுமன்றத்துக்கு அறிக்கை குடுக்கோணும் எண்டு. நல்ல சட்டம். எண்டாலும் என்ர வேலையிடத்தில பத்துப் பேரிட்ட கேட்டால் பத்துப் பேருக்கும் அது தெரியாது. எனக்கே இந்த மடலுக்கு எழுத முதல் தேடித்தான் தெரிஞ்சது. ஆகவே விளக்கம் இல்லாத ஆதரவுக்குப் பேர் வைக்காதேங்கோ.

*

எழுதினது: திருகோணமலை

அக்கா, உங்கட மடலை வாசிச்சிட்டுத்தான் எனக்கு வழி கொஞ்சம் தெளிஞ்சது, நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ, இஞ்ச கரண்டும் இல்லை, லப்டொப் பற்றரி முடிய முதல் முடிக்கோணும்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கடற்கரையில நாங்கள் பாத்த கூடாரம், சாக்கு, எண்ணெய் டின் எல்லாத்திலயும் ஒரு கொடியும் ஒரு வசனமும் இருந்தது. அமெரிக்க அரசாங்கத்தின்ர உதவி நிறுவனம் யூஎஸ்எயிட்டின்ர வசனம் 'அமெரிக்க மக்களிடமிருந்து'. ஜப்பான்காரரும் அப்பிடித்தான், ஜப்பானிய மக்களிடமிருந்து எண்டு. எங்கட சின்னப் பிள்ளையளுக்கே அது பாடம். ஆனா இப்ப யோசிச்சால், அந்த எழுத்து எங்களைப் பாத்துத்தான் இருந்தது. காசு குடுத்த மக்களின்ர பக்கம் திரும்பியே இருக்கேல்ல. அமெரிக்காவில கருத்துக்கணிப்பில சனத்திட்டக் கேட்டால், அரசாங்கச் செலவில காப்பங்கு வெளிநாட்டுக்குப் போகுது எண்டுற மாதிரித்தான் சராசரியா சொல்லுவினமாம். உண்மையில நூறில ஒண்டளவுதான். இவ்வளவு பெரிய பிழைக்கணக்கு மனசில இருக்கிற சனத்தின்ர பேரைத்தான் எங்கட சாக்கில அடிச்சு அனுப்பினவை. 2025இல யூஎஸ்எயிட்டை இழுத்து மூடேக்க, மூடினவைக்கு அந்தப் பிழைக்கணக்கு எவ்வளவு வசதியா இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

பிரிட்டனும் அப்பிடித்தான். தேசிய வருமானத்தில 0.7 வீதம் உதவிக்குப் போகோணும் எண்டு ஐநா 1970இல சொன்னதை அவை 2015இல சட்டமாவே போட்டவை. 2021இல கொரோனாச் செலவைக் காட்டி 0.5 ஆக்கினவை, ஆளுங்கட்சிக்குள்ளயே முன்னாள் பிரதமர் தெரேசா மே உட்படக் கொஞ்சப்பேர் எதிர்த்து வாக்குப் போட்டும் வெட்டு வெட்டாத்தான் நிண்டுது. சட்டம் இருந்தது, சனத்தின்ர சம்மதம் இருந்ததோ எண்டது எனக்குச் சந்தேகம்.

மற்றப் பக்கம் பாத்தால் மார்ஷல் திட்டம், ரெண்டாம் உலக யுத்தத்தில இடிஞ்ச ஐரோப்பாவைத் திரும்பக் கட்ட அமெரிக்கா குடுத்த உதவி. 1947 ஜூனில அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல் அதைப் பற்றிப் பேசினவர், அந்த வருசக் கடைசியிலேயே அதுக்கு ஆதரவு தேட எண்டு அமெரிக்காவில ஒரு குடிமக்கள் கமிட்டி, தலைவர் முன்னாள் போர் அமைச்சர் ஸ்டிம்சன். கூட்டம், கடிதம், மனு எண்டு ஊர் ஊரா வேலை செய்தவை. 1948 ஏப்ரலில சட்டம் வந்தது, நாலு வருசத்தில 1300 கோடி டொலர் அளவில ஐரோப்பாவுக்குப் போனது. (கமிட்டிக்கும் அரசாங்கத்துக்கும் நல்ல நெருக்கம், ஆகவே அக்கா சொன்ன மைக் வாகனமும் அதுக்குள்ள கொஞ்சம் ஓடித்தான் இருக்கும்.)

சரி, சொல்லுக்கு வாறன். போன கிழமை எங்கட ஒழுங்கைக் கோயிலில பொதுக்கூட்டம். பொருளாளர் சீஆர் கொப்பியை விரிச்சு வச்சு ஒவ்வொரு வரியா வாசிச்சார், தேங்காய் இவ்வளவு, கற்பூரம் இவ்வளவு, மேளம் இவ்வளவு. 'ஒலிபெருக்கி' எண்டு வரேக்க எங்கட பக்கத்து வீட்டு ஆச்சி "நில்லுங்கோ தம்பி, போன வருசத்தை விட ஏன் ரெண்டு மடங்கு?" எண்டு மறிச்சா. ரெண்டு நாள் கூட வச்சதுக்கு எண்டு அவர் பில்லைக் காட்டினார். ஆச்சி பில்லை வாங்கி, கண்ணாடியை மூக்கில ஏத்தி, கீழ இருந்து மேல வாசிச்சிட்டு "ம்" எண்டா. அதுக்குப் பிறகுதான் இந்த வருச ஊர்வரி எவ்வளவு எண்டு கேட்டது, கை உயர்ந்தது. ஆச்சி முதல் கை.

என்ர அறிக்கை தேடுறது அந்த 'ம்'முக்கு ஒரு சொல். முதல் கணக்கு, பிறகு கேள்வி, பிறகு சம்மதம். 'ஆதரவு' எண்டு போட்டால் கேள்வி விழுந்துபோகும். 'உடன்பாடு' எண்டு போடலாம் எண்டு நினைச்சன், ஆனா அதே அறிக்கையில பக்கத்துக்கு மூண்டு 'கடன் உடன்படிக்கை' நிக்குது, குழம்பும். 'இசைவு' வடிவான சொல், பட்டறையில வாசிச்சால் ஐயா எழும்பி என்ன பாட்டு எண்டு கேப்பார். கிண்ணியாச் சேரின்ர 'தளம்' இணையத்தளம், விமானத்தளம் எண்டு ஏற்கெனவே கன வேலை பாக்குது. அதாலதான் 'மக்கள் சம்மதம்'. அந்த வேலைக்கு 'சம்மதம் தேடல்'. விளங்கப்படுத்திற பகுதிக்கு 'கணக்கு வாசிப்பு' எண்டே போட்டால் என்ன? சிரிக்கிறவை சிரிக்கட்டும்.

*

எழுதினது: கோயமுத்தூர்

அண்ணா, கொடையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா சம்மதம் வடசொல்லாச்சே? 'ஒப்புதல்' இருக்குல்ல.

*

எழுதினது: கிண்ணியா

ஒப்புதல் எண்டா ஒப்பீசுல சீல் குத்துறது தம்பி. மேல இருந்து கீழ வாறது. சம்மதம் கீழ இருந்து போறது, கலியாண வீட்டுல பொண்ணுக்கிட்ட கேக்கிறது. வடசொல்லா இருந்தாலும் நம்மட வீட்டுக்குள்ள வந்து கன காலம். எனக்கு ஓகே. 'கணக்கு வாசிப்பு' மட்டும் கணக்காய்வோட மோதும், ஏஎல் பிள்ளைகள்ட்ட நாளைக்குக் காட்டிப் பாக்கிறன்.

*

எழுதினது: திருகோணமலை

சேர், பிள்ளையள் என்ன சொன்னவை எண்டு வியாழன் பின்னேரத்துக்குள்ள எழுதுங்கோ. அவைக்குக் குழம்பினால் 'கணக்கு விளக்கம்' எண்டு மாத்துறன். 'மக்கள் சம்மதம்', 'சம்மதம் தேடல்' ரெண்டையும் கோப்பில ஏத்திட்டன், பழைய 'தொகுதி' பதினாலு இடத்தில நிண்டது, பதின்மூண்டை எடுத்தாச்சு. மிச்சம் ஒண்டு உண்மையிலேயே தேர்தல் தொகுதிதான், நல்லகாலம் எல்லாத்தையும் ஒரே அமத்தில மாத்தேல்ல.