உதவி: 3.3 வோல்ட் ரெகுலேற்றர் விட்டு விட்டு நிக்குது

நிலாவெளி_தாங்கி:
தண்ணித் தாங்கி மட்டம் பாக்க ஒரு போர்ட் செய்தன். பற்றரி வோல்ட்டை 3.3 வோல்ட்டாக் குறைக்கிற ரெகுலேற்றர் சிப் ஏஎம்எஸ்1117 போட்டிருக்கு. கொஞ்ச நேரம் ஓடும், நிண்டிடும், பிறகு தானாவே ஓடும். சிப்பை மாத்தியும் அதே கதைதான். அவசரம், ஆராவது சொல்லுங்கோ.

உப்புக்காத்து:
எத்தினை வோல்ட் குடுக்கிறீங்கள்? வெளிப்பக்கம், அதாவது 3.3 வோல்ட் வாற பக்கம், என்ன கப்பாசிற்றர்? லோட், அதாவது இழுக்கிற மின்னோட்டம், எவ்வளவு?

செராமிக்_எதிரி:
பாக்காமலே சொல்லுவன், கப்பாசிற்றர்தான். 1117-க்கு வெளிப்பக்கம் 22 மைக்ரோபரட் டான்டலம் வகைக் கப்பாசிற்றர் கேக்கிறாங்கள். செராமிக் வகையில உள்தடை இல்லாத மாதிரி, ரெகுலேற்றர் ஊசலாடத் தொடங்கும், வோல்ட் நிலையா நிக்காது. செராமிக்தான் கையில எண்டால் அதோட தொடரா அரை ஓம் ரெசிஸ்ரர் ஒண்டு போடுங்கோ.

முத்து_மாஸ்ரர்:
ஒவ்வொரு கிழமையும் இதே கேள்வி. டொக்ரரிட்டப் போய் "வருத்தம்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டு மருந்து கேக்கிறதே? டேற்றாஷீற் (சிப் செய்தவை குடுக்கிற விவரத்தாள்) முதல் பக்கத்தையாவது வாசிச்சிட்டு வாங்கோ.

நிலாவெளி_தாங்கி:
12 வோல்ட் பற்றரி, சோலாரில சார்ஜ் ஆகுது. லோட் ஈஎஸ்பி32 எண்ட கட்டுப்பாட்டுச் சிப், தண்ணி மட்டம் பாக்கிற அல்ட்ராசோனிக் சென்சர். மீற்றரில 120 மில்லி ஆம்பியர். கப்பாசிற்றர் டான்டலம்தான். ராவில பிரச்சினையே இல்லை, மத்தியானந்தான் நிக்குது.

உப்புக்காத்து:
ராவில ஓடுது எண்டதை முதலே சொல்லியிருக்கலாம். ஊசலாட்டம் ராப்பகல் பாக்காது. இது சூடு.

மத்தியானம் சோலார் ஏத்தேக்க பற்றரி 14.4 வரைக்கும் போகும். ரெகுலேற்றரில விழுறது 11.1 வோல்ட், 0.12 ஆம்பியரோட பெருக்கினால் 1.33 வாட், முழுக்கச் சூடு. கொப்பர் குறைஞ்ச போர்டில அந்தச் சின்னச் சிப் வாட்டுக்குக் கிட்டத்தட்ட 90 பாகை ஏறும், அப்ப 120 பாகை. மூடின பெட்டி, தாங்கிக்கு மேல, வெயில்: உள்ளுக்கு 45 எண்டு வையுங்கோ. மொத்தம் 165. ராவில 12.5 வோல்ட், 28 பாகை எண்டால் 127 தான் வரும்.

150-ஐத் தாண்டினாப் பிறகு, சிப்புக்குச் சிப் கொஞ்சம் மாறும், உள்ளிருக்கிற வெப்பக் காவல் வெளிப்பக்கத்தை மூடிவிடும். ஆறினதும் திறக்கும். நீங்கள் காணுற "விட்டு விட்டு" அதுதான். சிப் பழுதில்லை, தன்னைத் தானே காப்பாத்துது.

உறுதிப்படுத்த: மத்தியானம், அதே பெட்டியில, பற்றரிக்குப் பதிலா 5 வோல்ட் போன் சார்ஜர் குடுங்கோ. 0.2 வாட்தான் வரும். நிக்காமல் ஓடினால் வேற காரணம் தேடத் தேவையில்லை.

கொட்டியாரம்:
எச்டி7333 ரெகுலேற்றர் போடுங்கோ, அது உண்மையான எல்டிஓ (உள்ளுக்கும் வெளிக்கும் கொஞ்ச வோல்ட் வித்தியாசமே போதும்).

உப்புக்காத்து:
வேண்டாம்! அதுக்கு உச்சம் 12 வோல்ட். 14.4-ல செத்துப்போகும். எந்த நேர்கோட்டு ரெகுலேற்றர் (மிச்ச வோல்ட்டைச் சூடாக்கி விடுற இந்த வகை) போட்டாலும் 1.33 வாட் குறையாது. பக் மொடியூல் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைக்கிற சின்னப் போர்ட்) போட்டு 5 வோல்ட்டாக்கி, பிறகு 1117-க்குக் குடுங்கோ.

முத்து_மாஸ்ரர்:
1117 எல்டிஓ-வே இல்லை. 1.1 இலிருந்து 1.3 வோல்ட் மேலதிகம் கேக்குது. ஒற்றை லித்தியம் செல்லில 3.3 எடுக்க ஏலாது.

செராமிக்_எதிரி:
பழைய 7805 ரெகுலேற்றர் ரெண்டு வோல்ட் மேலதிகம் கேக்கும், அதோட பாத்தால் இது எல்டிஓ தான். அந்தக் காலத்துப் பேர், விடுங்கோ.

முத்து_மாஸ்ரர்:
பேரை விட்டுத்தான் சனம் ஏமாறுது. உள்ளுக்கு என்பிஎன் ட்ரான்சிஸ்ரர், பிறகெப்பிடி குறைஞ்ச வீழ்ச்சி வரும்?

நிலாவெளி_தாங்கி:
சூடெண்டு சொன்னதால பின்னுக்கு அலுமினியத் துண்டை அழுத்தி வைச்சன். இப்ப அறவே வேலை செய்யுதில்லை. 0.04 வோல்ட்.

உப்புக்காத்து:
அந்த அகலத் தகடு கிரவுண்ட் இல்லை, வெளிப்பக்கம்! அலுமினியம் பெட்டியில முட்டுது, பெட்டி நெகட்டிவ். 3.3-ஐ நேரா சோர்ட் பண்ணியிருக்கிறீங்கள். உடன கழட்டுங்கோ. சிப்புக்குள்ள மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துற காவல் வேலை செய்திருந்தால் சிப் தப்பியிருக்கும். சூடேற்றி வேணுமெண்டால் நடுவில மின்சாரம் கடத்தாத மைக்கா துண்டு வைக்கவேணும்.

நிலாவெளி_தாங்கி:
கழட்டினன், 3.29 வந்திட்டுது. சார்ஜரில ரெண்டு மணித்தியாலம் நிக்கேல்லை. பக் மொடியூல் வாங்கப் போறன். நன்றி அண்ணை.

உப்புக்காத்து:
வாங்கினவுடன போர்டில குடுக்காதேங்கோ. சில மொடியூல்களில வோல்ட்டை மாத்துற நீலத் திருகு கடையிலிருந்து வரேக்க 12-க்கு மேல நிக்கும். மீற்றரை வைச்சு 5-க்குக் கொண்டுவந்து, பிறகு இணையுங்கோ. திருகினது காணாத மாதிரி இருந்தால் இன்னும் பத்துச் சுத்து திருப்புங்கோ, அது பல சுத்துத் திருகு.