டட்சன் 620: சார்ஜ் எகிறுகிறது, யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம் அண்ணன்மார்களே. சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் தோம்பு ஏற்றிய டட்சன் 620 பிக்கப் வண்டி இப்போது என்னிடம். எஞ்சின் தங்கம், வயரிங்தான் வம்பு.

மெதுவாக ஓடும்போது பேட்டரியில் 13 வோல்ட். எண்ணெய் மிதித்தால் 16-ஐத் தாண்டுகிறது. 14.5-க்குமேல் போகக்கூடாதே! ஹெட்லைட் பளீரென்று எரிந்து பல்பு போகிறது, பேட்டரி மூடியோரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கு வெளியே தனியாக இருக்கும், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் மீதுதான் சந்தேகம். அதன் எர்த் (பாடியோடு சேரும் இணைப்பு) முனையைச் சுரண்டி இறுக்கினேன், அப்படியேதான்.

பட்டறையில் மொத்த வயரையும் மாற்றச் சொல்கிறார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய பாயிண்ட் ரெகுலேட்டரைத் திருகிச் சரிசெய்யலாமா? இல்லை, ரெகுலேட்டர் உள்ளேயே உள்ள ஆல்டர்னேட்டர் போடலாமா? போட்டால் சார்ஜ் விளக்கு வயரை எங்கே சேர்ப்பது? வயரிங் படம் வைத்திருப்பவர்கள் இங்கேயே போடுங்கள். ஈப்போ பக்கம் பழைய வண்டி வயர்மேன் இருந்தாலும் சொல்லுங்கள்.