அலைன்மென்ட்: ஒரு சொல் போதாது

அனைவருக்கும் வணக்கம். முப்பரிமாண ஸ்லைடு காட்டும்போது இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று என்று இரண்டு படங்களைத் திரையில் சரிசெய்து வைக்கிறோமே, அந்த அலைன்மென்ட்டுக்குத் தமிழில் 'படப்பொருத்தம்' என்று பெயர் வைக்கலாம் என்றீர்கள், எனக்கு உடன்பாடில்லைங்க. பொருத்தம் என்றதும் புதிதாகப் பழகுபவர் இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே உட்கார வேண்டும் என்று நினைப்பார், எதைத் திருகினாலும் உட்காராது, ஏனென்றால் கிட்டத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் வேறுவேறு அளவில் விலகி நிற்கும், அந்த வேறுபாடுதான் ஆழம்.

போன மாதம் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு மண்டபத்தில் ஒரு வயல்வெளிப் படத்தைக் காட்டினோம். இரண்டு புரொஜெக்டர், ஒவ்வொரு கண்ணுக்கும் அதன் படம் மட்டும் போய்ச்சேர எதிரெதிராகச் சாய்த்த போலராய்டு வடிகட்டிகள், பார்ப்பவர்களுக்கு அதே வடிகட்டி வைத்த கண்ணாடி, வெள்ளிநிறப் பூச்சுத் திரை. வீட்டில் 1 மீட்டர் திரையில், கிட்டத்து வரப்பின் இரண்டு உருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று நிற்கும்படி வைத்தபோது தூரத்து மலையின் இரண்டு உருவங்களுக்கும் நடுவே 4 செ.மீ. இருந்தது. அங்கே திரை 3 மீட்டர், அதே வைப்பில் 12 செ.மீ. ஆகிவிட்டது. நம் கண்களுக்கு நடுவே சுமார் 6.5 செ.மீ.தான், அதைத் தாண்டினால் இரண்டு கண்ணும் வெளிப்பக்கம் திரும்பியாக வேண்டும். ஒரு புரொஜெக்டரைக் கொஞ்சம் உள்ளே திருப்பி 6 செ.மீ. ஆக்கினேன், மலை கண்ணுக்கு ஒன்றாகச் சேர்ந்தது, வரப்பு திரைக்கு முன்னால் வந்து நின்றது. அப்புறமும் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் "தலை வலிக்குதுங்க" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நானும் கழற்றிப் பார்த்தேன், தென்னங்குருத்தின் நுனி ஒரு படத்தில் மற்றப் படத்தைவிட இரண்டு விரற்கடை மேலே இருந்தது. அந்தப் புரொஜெக்டரின் முன்கால் திருகை இறக்கியதும்தான் சரியாயிற்று.

ஆக, வேலை இரண்டு. மேல்கீழ் வேறுபாடு இருக்கவே கூடாது, பக்கவாட்டு வேறுபாடு இருக்க வேண்டும், ஆனால் அளவோடு. முதலாவதற்கு 'இணைமட்டம்', இரண்டாவதற்கு 'கிடைவிலக்கம்' என்கிறேன். ஒரு படம் சாய்ந்திருந்தாலும் ஓரங்களில் மட்டம் கெடும் என்பதால் சாய்வும் இணைமட்டத்துக்குள் அடங்கும்.

'மட்டம்' என்றால் தரக்குறைவு என்று ஒரு அண்ணன் தயங்கினார். ரசமட்டத்தை யாரும் அப்படி நினைப்பதில்லையே. கொத்தனார் டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை இந்தத் தூணிலும் மறுமுனையை அந்தத் தூணிலும் பிடிக்கிறார், முனைகள் தள்ளித்தான் இருக்கின்றன, தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிறது. நமக்கு வேண்டியதும் அதேதான். "இணைமட்டம் பார்த்தாச்சா?" என்று மண்டபத்தில் சத்தம் போட்டுக் கேட்கவும் வாய்க்கு வருகிறது.

கிடைவிலக்கத்துக்கு இன்னும் நல்ல சொல் இருந்தால் சொல்லுங்க, மாற்றிக்கொள்கிறேன். இணைமட்டத்தை விட்டுத்தர மனமில்லை.