அதிபர் கையெழுத்து, மனைவி கையெழுத்து: ஜோடியாகச் சேர்க்க எங்கே தொடங்கலாம்?

செப்புக்காசு:
எல்லாருக்கும் வணக்கம். பல வருஷமாக நாணயமும் தபால்தலையும் சேர்த்தவன், இப்போது ஆசை அமெரிக்க அதிபர்களின் கையெழுத்துப் பக்கம் திரும்பிவிட்டது, அதுவும் அதிபர், மனைவி என்று ஜோடியாக. விற்கிற ஒருவர் கென்னடி கையெழுத்துப் போட்ட போட்டோ காட்டுகிறார், 1962ல் வெள்ளை மாளிகையிலிருந்து ஒரு ரசிகருக்குத் தபாலில் வந்ததாம், சான்றிதழும் உண்டாம். வாங்கலாமா? வாஷிங்டனில் தொடங்கி முழு செட் சேர்க்க முடியுமா?

மைக்கூடு:
தபாலில் வந்தது என்பதுதான் இதில் சிக்கலே. அப்படிப் போன கென்னடி படங்களில் ஏராளமானவற்றில் ஆட்டோபென் மெஷின்தான் கையெழுத்துப் போட்டது, மிச்சத்தில் நிறைய செயலாளர்கள் போட்டவை, அதில் ஈவ்லின் லிங்கன் கை ரொம்பப் பிரசித்தம். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். படத்தை ஸ்கேன் பண்ணி, தெரிந்த ஆட்டோபென் மாதிரிகளின் மேல் வைத்துப் பாருங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் மெஷின், மனுஷன் இரண்டு தடவை ஒரே மாதிரி போடவே மாட்டான். பொருந்தவில்லை என்றாலும் அசல் என்று துள்ளிக் குதிக்க வேண்டாம், செயலாளர் இருக்கிறாரே.

முழு செட் கதை வேறு. சில மனைவிகள் கணவர் அதிபராகும் முன்பே இறந்துவிட்டார்கள்: ஜெஃபர்சன் மனைவி 1782லேயே போய்விட்டார், வான் ப்யூரன் மனைவி 1819ல், ரேச்சல் ஜாக்சன் கணவர் தேர்தலில் ஜெயித்த பிறகு, பதவியேற்கும் முன் 1828 டிசம்பரில். புகேனனுக்குக் கல்யாணமே ஆகவில்லை! மார்த்தா வாஷிங்டன் கணவரும் தானும் எழுதிக்கொண்ட கடிதங்களை அநேகமாக எல்லாம் எரித்துவிட்டார். வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியில் இருந்தது 31 நாள், அந்த நாட்களில் அவர் கையெழுத்துப் போட்டதை வாங்க வீட்டை விற்க வேண்டும்.

பழையதாள்:
நான் ஏமாந்ததையும் கேளுங்கள். வான் ப்யூரன் காலத்து அரசு நிலப்பட்டா, தோல் தாளில், கீழே "மார்ட்டின் வான் ப்யூரன்" என்று அழகான எழுத்து. வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டி, மூன்று மாசம் கழித்துத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பெயருக்கு அடியில் பொடி எழுத்தில் "எம். வான் ப்யூரன் ஜூனியர், செயலாளர் மூலம்". பையன் போட்டது! 1833 மார்ச்சுக்குப் பிறகு பட்டாவில் அதிபர் பெயரைச் செயலாளரே எழுதலாம் என்று சட்டமே வந்துவிட்டது. ஜாக்சன் காலத்துப் பட்டாவிலும் அந்தச் சட்டத்துக்கு முந்தியதைத்தான் பார்க்க வேண்டும். விற்றவர் சட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை, நானும் கேட்கவில்லை.

தபால்பெட்டி:
ஜோடி ஆசைக்குச் சுலபமான வழி சொல்கிறேன். கார்ட்டரும் ரோசலினும் சேர்ந்து எழுதி 1987ல் வந்த புத்தகம் ஒன்று இருக்கிறது, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பிரதிகள் கிடைக்கும், அதில் தொடங்குங்கள்.

அப்புறம் அதிபர்களின் விதவைகள் அனுப்பிய கவர். தபால்தலை ஒட்டாமல் அந்த மூலையில் கையெழுத்துப் போட்டு இலவசமாக அனுப்ப நாடாளுமன்றம் அனுமதி கொடுக்கும், 1800ல் மார்த்தா வாஷிங்டனுக்குக் கொடுத்ததுதான் முதல். என்னிடம் எடித் போலிங் வில்சன் கவர் ஒன்று இருக்கிறது. பேனா மை பழுப்பாகிவிட்டது, கையெழுத்தின் மேல் முத்திரைக் கோடு ஏறியிருக்கிறது, அதாவது தபாலில் போடும் முன்பே போட்டது. தபால்தலை சேர்க்கிறவருக்கு இது பிடிக்காமல் போகாது. ஜாக்கி கென்னடி கவரில் மட்டும் உஷார், அவருடையது அச்சடித்த கையெழுத்தாக நிறைய வரும்.

எது வாங்கினாலும் லேமினேட் பண்ணாதீர்கள், வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

செப்புக்காசு:
நன்றி, எல்லாருக்கும். நேற்று ராத்திரி இரண்டு ஆட்டோபென் மாதிரிகளை எடுத்து அந்தப் போட்டோ ஸ்கேன் மேல் வைத்தேன். இரண்டாவது, கடைசிப் புள்ளி வரைக்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் உடனே பாதி விலைக்கு இறங்கிவிட்டார். தபால்பெட்டி சார், எடித் கவரை ஒரு படம் எடுத்துப் போட முடியுமா?