கடலோர ஊரு, கம்பளி நூல் கடை, ஒரு மரணம்: சீசைட் நிட்டர்ஸ் கதைல பின்னலுக்கு நிஜமாவே வேலை இருக்கா?

குன்னூர்_கம்பளி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க பெரியம்மா நாப்பது வருஷத்துக்கு மேல ஸ்வெட்டர் பின்னினவங்க, இப்ப கண்ணு மங்கிப்போனதால ஊசிய தொடறதே இல்ல, அதனால தினம் ராத்திரி நான் ஒரு இங்கிலீஷ் கதைய எடுத்துவச்சு தமிழ்ல சொல்லிட்டே போவேன், அவங்க படுத்துட்டு கேப்பாங்க. போன மாசம் சாலி கோல்டன்பாம் எழுதின சீசைட் நிட்டர்ஸ் சீரிஸ்ல முதல் புக் 'டெத் பை கேஷ்மியர்' எடுத்தேன். பாஸ்டன்ல வக்கீலா இருந்த இஸ்ஸி அந்த வேலைய விட்டுட்டு சீ ஹார்பர்ங்கற சின்ன ஊர்ல நூல் கடை போடறா, கடை மாடிய ஏஞ்சின்னு ஒரு பொண்ணுக்கு வாடகைக்கு விடறா, ஒரு நாள் அந்தப் பொண்ணு துறைமுகத்துல, தலைமுடி லாப்ஸ்டர் (சிங்கி இறால்) பிடிக்கற கூண்டுல சிக்கி, பிணமா கெடக்கறா. குடிச்சுட்டு விழுந்துட்டான்னு கேஸ மூடப் பாக்கறாங்க, வாரா வாரம் வியாழக்கிழமை பின்ன கூடற நாலு பொம்பளைங்க மட்டும் நம்பல. இவ்வளவுதான் சொல்றேன், படிக்காதவங்களுக்காக.

பெரியம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆனா ஒரு கேள்வி கேட்டாங்க, எனக்கு பதில் தெரியல. "இவங்க பின்னாம சும்மா காபி குடிச்சுட்டு பேசினாலும் இதே கதைதானே வந்திருக்கும், பின்னல் எதுக்கு?"ன்னு. யோசிச்சுப் பாத்தா நியாயமாத்தான் படுது. பின்னல் இந்த மாதிரி கதைல அலங்காரம் மட்டும்தானா, இல்ல துப்பு கண்டுபிடிக்கறதுக்கே உதவுமா? அப்புறம் சீ ஹார்பர் நிஜமான ஊரா, எந்த வரிசைல படிக்கணும், இதே மாதிரி வேற என்ன இருக்கு, தெரிஞ்சவங்க சொல்லுங்க.


வாடைக்காத்து:

ஊர் பத்தி நான் சொல்றேன், நான் பாஸ்டன் பக்கம்தான் இருக்கேன். சீ ஹார்பர்னு மேப்ல எதுவும் இல்ல ஆனா கதை நடக்கற கேப் ஆன்ங்கற கடல் முனை நிஜம், மாசசூசெட்ஸ் மாநிலத்துல இருக்கு, பாஸ்டன் நார்த் ஸ்டேஷன்ல ராக்போர்ட் போற ட்ரெயின் ஏறினா ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல ஆகும், க்ளாஸ்டர் வரும், அதத் தாண்டி கடைசி ஸ்டேஷன் ராக்போர்ட். ரெண்டும் கருங்கல் பாறையும் கடலுமா இருக்கற ஊருங்க, ஒரு காலத்துல கல் குவாரி வேலை ஜாஸ்தி. கதைல கனேரி கோவ்னு ஓவியக்காரங்க இருக்கற பகுதி வருதுல்ல, அத படிக்கும்போது எனக்கு க்ளாஸ்டர்ல இருக்கற ராக்கி நெக் தான் கண்ணு முன்னாடி வந்துச்சு, சின்ன முனை மாதிரி கடலுக்குள்ள நீட்டிட்டு இருக்கும், அமெரிக்காவுலயே பழைய ஓவியர் குடியிருப்புகள்ல அதுவும் ஒண்ணு.

க்ளாஸ்டர் கடற்கரை ரோட்டுல சுக்கான் பிடிச்சு நிக்கற ஒரு மீனவர் சிலை இருக்கு, 1925ல வச்சது. அதச் சுத்தி கடல்ல போய் திரும்பாதவங்க பேரு வெண்கலத் தகட்டுல வரிசையா இருக்கும், 5,368 பேரு. நான் முதல் தடவ போனப்ப ஒரே குடும்பப் பேரு அடுத்தடுத்து வர்றத பாத்துட்டு அங்கயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அந்த ஊர்ல ஒருத்தி தண்ணில விழுந்து செத்துட்டான்னா யாருக்கும் அது புதுசா படாது, அதனாலதான் கதைல எல்லாரும் விபத்துன்னு சீக்கிரமா ஒத்துக்கறாங்கன்னு எனக்குத் தோணுச்சு.

கைவேலைன்னு கேட்டதால இன்னொண்ணு. க்ளாஸ்டருக்கு வடக்க ஃபாலி கோவ்னு ஒரு இடம். வர்ஜீனியா லீ பர்ட்டன்னு குழந்தைங்களுக்கு படக்கதை எழுதினவங்க அங்க அக்கம்பக்கத்து ஆளுங்களுக்கு டிசைன் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சு அது ஒரு குழுவாவே ஆயிடுச்சு, 1938லேர்ந்து 1969 வரைக்கும் நடந்துச்சு. லினோலியம்ங்கற தரைல ஒட்டற ஷீட்ட செதுக்கி அச்சு பண்ணி, மை தடவி, துணி மேல கவுத்து வச்சுட்டு அது மேல ஏறி கால்லயே மிதிச்சு அழுத்துவாங்க. ஆட்டுக்குட்டி, பெரணி இலை, வாத்து, அவங்கவங்க வீட்டு வாசல்ல பாத்ததுதான் டிசைன். அந்தத் துணிங்க கேப் ஆன் மியூசியத்துல இருக்கு. அதப் பாத்தப்புறம் இந்தக் கடற்கரைல கைவேலையும் மர்மமும் சேத்து ஒருத்தர் கதை எழுதினது எனக்கு ஆச்சரியமாவே இல்ல.


மூணாம்பக்கம்:

வரிசை: 2008ல 'டெத் பை கேஷ்மியர்', அடுத்தது 'பேட்டர்ன்ஸ் இன் த சாண்ட்'. அப்படியே போகலாம். 2017ல பப்ளிஷர் மாறி 'மர்டர் வேர்ஸ் மிட்டன்ஸ்' வந்தப்ப திரும்ப ஒண்ணுலேர்ந்து நம்பர் போட்டுட்டாங்க, அதப் பாத்து முதல் புக்னு நெனச்சு வாங்கிடாதீங்க, நான் அப்படித்தான் வாங்கிட்டு யாரு யாருக்கு என்ன உறவுன்னே புரியாம முழிச்சேன். வேற சீரிஸ்னா லீ வெய்ட் எழுதின மெய்ன்லி நீடில்பாயிண்ட், மெய்ன் மாநிலத்து கடலோர ஊரு, அதுல எம்ப்ராய்டரி. முதல் புக் 2015. காணாமப்போன அம்மாவோட உடம்பு ரொம்ப வருஷம் கழிச்சு கிடைச்சிருச்சுன்னு கேள்விப்பட்டு பொண்ணு ஊருக்கு திரும்பி வர்றா, பாட்டி எம்ப்ராய்டரி தொழில் நடத்தறாங்க. லீ வெய்ட் பழைய பிரிண்ட், பழம்பொருள் வியாபாரம் பண்ணினவங்க, அதனால பழைய துணி பத்தி எழுதும்போது கை நல்லா பழகியிருக்கும். 2019ல இறந்துட்டாங்க.


நாலுகண்ணி:

உங்க பெரியம்மா கேட்ட கேள்விதான் இங்க முக்கியமான கேள்வி, அதுக்கு மட்டும் நான் பதில் சொல்றேன்.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங்ல பதினஞ்சு வருஷம் இருந்தேன். மெஷின் துணில ஒரு ஊசி கெட்டுப்போச்சுன்னா அந்தக் கோடு ரோல் முழுக்க மேலேர்ந்து கீழ வரைக்கும் ஓடும், நீடில் லைன்னு சொல்லுவோம், ஒரு மீட்டர் பாத்தா போதும் மீதி எங்க இருக்கும்னு சொல்லிடலாம். கைப்பின்னல் அப்படி இல்ல. கைல பின்னினதுல தப்பு ஒரு இடத்துல ஒரு தடவதான் வரும், அந்த நிமிஷத்துல அந்தக் கைக்கு என்னமோ ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து நான் கைல பின்ன ஆரம்பிச்சப்புறம்தான் இது எனக்கு உறைச்சது.

அதோட ஒவ்வொருத்தர் கையும் வேற. சிலருக்கு நேர் வரிசை இறுக்கமா வரும், திரும்பி வர்ற வரிசை தளரும், துணிய திருப்பி வெளிச்சத்துல பிடிச்சா உழுத வயல் மாதிரி ரெண்டு ரெண்டு வரியா தெரியும். சிலர் ஊசில நூல எதிர்ப்பக்கமா சுத்துவாங்க, கண்ணி (ஊசில விழற வளையம்) ஒவ்வொண்ணும் கால் பின்னிட்டு நிக்கும். நூல் முனைய எப்படி ஒளிச்சு வைக்கறாங்க, ஓரம் எப்படி ஆரம்பிக்கறாங்க, இதெல்லாம் கையெழுத்து மாதிரி. அப்புறம் நூல் லாட் நம்பர், அதாவது ஒரே தடவ சேந்து சாயம் போட்ட நூலுக்கெல்லாம் போடற நம்பர். ஒரே கலர் ரெண்டு லாட்டுன்னா ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒண்ணா இருக்கும், வெயில்ல கொண்டுபோனா பாதில கலர் மாறியிருக்கறது தெரியும். அப்படின்னா இடைல நூல் தீந்து திரும்ப கடைக்குப் போயிருக்காங்க. நூல் கடைக்காரிக்கு அது ஞாபகம் இருக்கும். துப்பறியறதுக்கு இத விட என்ன வேணும்?

நெசமாவே இத வச்சு எழுதினவர் ஒருத்தர் இருக்காரு. அயர்லாந்து நாடகக்காரர் ஜே.எம். சிங், அவரோட 'ரைடர்ஸ் டு த சீ' 1904ல மேடையேறினது, ஆரன் தீவுல நடக்கற ஒரே அங்க நாடகம். தூரமா கரை ஒதுங்கின ஒரு பிணத்தோட ஸ்டாக்கிங்க (நீளக் காலுறை) கொண்டுவந்து குடுப்பாங்க, அதப் பாத்து தங்கச்சிக்காரி இது நம்ம அண்ணன்தான்னு சொல்லுவா. எப்படின்னா அவதான் பின்னினவ, அறுபது கண்ணி போட்டதும் அதுல நாலு விட்டுப்போனதும் அவளுக்கு ஞாபகம். எண்ணிப்பாத்து கண்டுபிடிக்கறா. இந்த ஸீன்லேர்ந்துதான் பின்னாடி, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி ஸ்வெட்டர் டிசைன் இருக்கு, கடல்ல செத்தா அத வச்சு அடையாளம் பாப்பாங்கன்னு ஒரு கதை பரவிடுச்சு, ஸ்வெட்டர் விக்கறவங்களும் அத சொல்லியே வித்தாங்க. அது உண்மை இல்ல. நாடகத்துல இருக்கறது சாதா ஸ்டாக்கிங், டிசைனே கிடையாது, விட்டுப்போன நாலு கண்ணிதான் அடையாளம்.

அதனால என் கருத்து, இந்த மாதிரி சீரிஸ் எழுதறவங்க கடைசி பக்கத்துல பின்னிப் பாக்க ஒரு பேட்டர்ன் குடுக்கறதோட நிறுத்திக்கறது எனக்கு வருத்தமா இருக்கு. கோல்டன்பாம் நல்லா எழுதறாங்க, நாலு பேருக்குள்ள இருக்கற பாசம், அதுல ஒருத்தியான நெல்ங்கறவங்க வீட்டுல வெள்ளிக்கிழமைச் சாப்பாடு, எல்லாம் மனசுக்கு இதமா இருக்கு. ஆனா அவங்க பின்னும்போது கை வேலை செய்யுது, வாய் கேஸ பேசுது. நான் கேக்கறது அந்தக் கை ஒரு தடவயாவது கேஸ கண்டுபிடிக்கணும்னு.


வலைமுடிச்சு:

நாலுகண்ணி அக்கா சொன்னது சரி ஆனா லாப்ஸ்டர் பக்கத்தையும் விட்டுடக் கூடாது, கதைல அந்த நாலு பேர்ல ஒருத்தியான காஸ்ங்கறவ தொழிலா பிடிக்கறதே அதானே. அந்தக் கூண்டுக்கு உள்ள ரெண்டு அறை, இரை கட்டி வைக்கற முன் அறைய கிச்சன்னும் உள்ள போய் மாட்டிக்கற பின் அறைய பார்லர்னும் அங்க சொல்லுவாங்க. உள்ள நுழையற வாய் குறுகிட்டே போற வலை, அத முன்னாடியெல்லாம் வீட்டுலயே ட்வைன் நூல்ல கையால முடிவாங்க, அந்த வேலைக்கு அவங்க ஊர்ல பேரே நிட்டிங்தான். எங்க வீட்டுலயும் அப்பா வலை முடிஞ்சவர்தான், தூத்துக்குடி பக்கம், சிங்கி இறாலுக்கு இல்ல சாதா வலைதான், ஆனா முடிச்சு பாத்து இது யாரு முடிஞ்சதுன்னு சொல்லிடுவாரு. ஆக ஏஞ்சியோட முடி சிக்கினதே ஒரு பின்னல்லதான்னு எடுத்துக்கலாம், எழுதினவங்க அத நெனச்சு எழுதினாங்களோ என்னமோ.

அப்புறம் கூண்டுக்கு மேல மிதக்கற மிதவை. ஒவ்வொரு லைசென்ஸ்காரருக்கும் தனி கலர் சேர்க்கை, அதே கலர படகுலயும் காட்டணும். யாரு கூண்டுன்னு தூரத்துலேர்ந்தே தெரியும், அடுத்தவர் கூண்ட தொட்டா சட்டப்படி குத்தம். பிடிச்ச லாப்ஸ்டரையும் கண்குழிலேர்ந்து முதுகு ஓட்டோட கடைசி வரைக்கும் அளக்கணும், கேப் ஆன் பக்கம் மூணேகால் இஞ்சுக்கு கீழன்னா திரும்ப கடல்ல, முட்டை இருந்தாலும் கடல்லதான்.

எனக்கு இடிக்கறது போலீஸ். மாசசூசெட்ஸ்ல பாஸ்டன் மாதிரி பெரிய ஊருங்கள விட்டா கொலை கேஸ டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி (மாவட்ட அரசு வக்கீல்) கீழ இருக்கற ஸ்டேட் போலீஸ் டிடெக்டிவ்ஸ்தான் விசாரிப்பாங்க. கதைங்கள்ல பெரும்பாலும் உள்ளூர் போலீஸ் சீஃப் ஒருத்தரே எல்லாத்தையும் பாத்துக்கறாரு. அவரு தெரிஞ்சவரா இருந்தாதான் சமையலறைல உக்காந்து பேச முடியும், கதைக்கு அது தேவைன்னு புரியுது.


குன்னூர்_கம்பளி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி கதைக்கு பதிலா இந்த பதிலெல்லாம்தான் பெரியம்மாவுக்கு படிச்சுக் காட்டினேன். ஸ்டாக்கிங் விஷயம் வந்தப்ப எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. பீரோல இருக்கற மெரூன் ஸ்வெட்டர எடுன்னாங்க, பெரியப்பாவோடது, முன்னாடி ரெண்டு பக்கமும் முறுக்கு டிசைன் ஓடும். நான் சின்ன வயசுலேர்ந்து பாக்கற ஸ்வெட்டர், எனக்கு ஒரு தப்பும் தெரிஞ்சதில்ல. அவங்க கட்டைவிரல மட்டும் கீழேர்ந்து மேல ஓட்டிட்டே போனாங்க, இடது பக்கம் அஞ்சாவது முறுக்குல நின்னுடுச்சு. தொட்டுப்பாருன்னு என் விரல எடுத்து வச்சாங்க. மத்ததெல்லாம் வலப்பக்கம் சாயுது, அது ஒண்ணு மட்டும் இடப்பக்கம். மழைல ரெண்டு நாள் கரண்ட் இல்லாம மெழுகுவத்தி வெளிச்சத்துல பின்னினதாம், காலைல பாத்தப்ப மேல நிறைய வரிசை ஏறிடுச்சு, பிரிக்க மனசு வரல, பெரியப்பாகிட்டயும் சொல்லலையாம்.

'பேட்டர்ன்ஸ் இன் த சாண்ட்' ஆர்டர் போட்டுட்டேன். வாடைக்காத்து, அந்த ஃபாலி கோவ் துணி படம் எடுத்து வச்சிருந்தா போடுங்க, வாத்து எப்படி இருக்கும்னு பெரியம்மா கேட்டுட்டே இருக்காங்க.