பிளெவ்னாவில் ஒஸ்மான் பாஷா செய்தது சரிதானா?

மருதன்:
ருஷ்ய–துருக்கியப் போரில், பல்கேரியாவின் பிளெவ்னா நகரைக் காத்த துருக்கியத் தளபதி ஒஸ்மான் பாஷா ஈட்டிய புகழ் அவருடைய போர்த்திறனை விஞ்சியது என்பதே என் கருத்து. 1877 ஜூலை 30 அன்று, பிளெவ்னாவின் மீதான இரண்டாம் தாக்குதலில் ஏறத்தாழ 7,000 பேர் மாண்டும் காயமுற்றும் ருஷ்யர்கள் பின்வாங்கியபோது, டான்யூப் நதியின் பாலம் வரை அவர்களிடையே பீதி பரவியது. அந்த வேளையில் ஒஸ்மான் அவர்களைத் துரத்தவில்லை, மண் அரண்களை விட்டு நகரவில்லை.

நச்செள்ளை:
எதைக் கொண்டு துரத்துவது, ஐயா? குதிரைப்படை அவரிடம் பெயரளவுக்கே இருந்தது. ஜூலை 13 அன்று டான்யூப் கரையிலுள்ள விதின் நகரிலிருந்து புறப்பட்டு 19 அன்று பிளெவ்னாவை அடைந்த படை, மறுநாளே முதல் தாக்குதலைச் சந்தித்தது. தொலைவில் வருபவர்களைப் பீபாடி–மார்ட்டினித் துப்பாக்கிகளாலும், நெருங்கிவிட்டவர்களை அடுத்தடுத்துச் சுடும் வின்செஸ்டர்களாலும் வீழ்த்திய அந்த அகழிப்போர்தான் அவருடைய பலம். செப்டம்பர் 11, 12 தேதிகளில் ருஷ்யரும் ருமேனியரும் 15,000 பேருக்கு மேல் இழந்தது அதனால்தான்.

மருதன்:
அந்த வெற்றிக்குப் பிறகாவது தெற்கே உள்ள ஓர்ஹானியே நகருக்குப் பின்வாங்கியிருக்கலாமே!

நச்செள்ளை:
பின்வாங்க அவர் அனுமதி கேட்டார், இஸ்தான்புல் மறுத்தது. அக்டோபர் 24 அன்று ருஷ்யத் தளபதி கூர்கோ, அருகிலிருந்த கோர்னி துப்னிக்கைக் கைப்பற்றியதும் உணவு வரும் சாலை அடைபட்டது. கிரிமியப் போரில் செவஸ்தோபோல் நகரின் அரண்களை அமைத்துக் காத்த ருஷ்யப் பொறியாளர் தோத்லெபனே வந்து, இனித் தாக்குதல் வேண்டாம், பட்டினி போதும் என்று முடிவெடுத்தார். எதிரியின் தலைசிறந்த பொறியாளர் தந்த சான்றிதழ் அது.

இளவேனில்:
டிசம்பர் 10ஐ இருவருமே மறந்துவிட்டீர்கள். வித் ஆற்றைக் கடந்து ருஷ்யரின் முதல் அகழி வரிசையைப் பிடித்தபின், குதிரை மாண்டு, காலில் குண்டு பாய்ந்து அவர் விழுந்தார். இறந்துவிட்டார் என்ற வதந்தியே படையைக் குலைத்தது. சரணடைந்தவரிடம் ஜார் வாளைத் திருப்பிக் கொடுத்தார்.

மருதன்:
வாள் திரும்பியது, படை திரும்பவில்லையே. ஏறத்தாழ 40,000 வீரர்கள் சிறைப்பட்டதால், அதே மாத இறுதியில் கூர்கோ பனியில் பால்கன் மலைகளைக் கடந்தபோது எதிர்த்து நிற்கப் போதிய படையில்லை. ஜனவரியில், இஸ்தான்புல்லுக்குச் செல்லும் வழியிலிருந்த எடிர்னே நகரம் வீழ்ந்தது.

நச்செள்ளை:
பிளெவ்னா தடுத்திராவிட்டால் அந்த எடிர்னே கோடையிலேயே ஆபத்தில் சிக்கியிருக்கும். ஏறத்தாழ ஐந்து மாதம் தாமதப்படுத்தியவரையா குறை சொல்வது? சிப்கா கணவாயில் நேர்த்தாக்குதல்களில் தன் படையைத் தேய்த்த மற்றொரு துருக்கியத் தளபதி சுலைமான் பாஷாவிடம் கேளுங்கள் அந்தக் கணக்கை.