பெரியம்மாவைப் பார்க்கப் பினாங்குக்கு: ஏழு நாள் குடும்பப் பயண அனுபவம்

அனைவருக்கும் வணக்கம். ஈப்போவில் இருக்கும் சித்தப்பா குடும்பத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கு மலேசியாவையும் சுற்றிக் காட்டி, ஒரு வாரத்துக்குள் ஊர் திரும்ப வேண்டும் என்றால் எப்படித் திட்டமிடுவது என்று கல்லிடைக்குறிச்சிச் சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். 2025 மே மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஏறத்தாழ அதே பயணத்தைத்தான் மேற்கொண்டோம். அதனால் எங்கள் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. நான், மனைவி, எட்டாவது படிக்கும் மகன், ஐந்தாவது படிக்கும் மகள், 71 வயதான என் அம்மா என்று ஐந்து பேர் கிளம்பினோம். அம்மாவின் அக்காள், அதாவது என் பெரியம்மா, 1967இல் கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர்கள். அப்போது அம்மாவுக்குப் பதின்மூன்று வயது. வண்ணாரப்பேட்டை வீட்டு வாசலில் நின்று அக்காள் வில்வண்டியில் ஏறிப் போனதைப் பார்த்ததாக அம்மா இன்றும் சொல்வார்கள். பெரியம்மா கடைசியாக ஊருக்கு வந்தது 2006ஆம் ஆண்டு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு. அதன் பிறகு பத்தொன்பது ஆண்டுகளாக இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டதோடு சரி.

இவ்வளவு தெரிந்திருந்தும் நான் முதலில் போட்ட திட்டம் தவறானது. இரட்டைக் கோபுரம், பத்துமலை, லங்காவி, பினாங்கு மலை என்று பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு, மிச்சம் விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் "பெரியம்மா வீடு" என்று குறித்து, பெரியம்மா மகனுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அன்று இரவே அண்ணன் கூப்பிட்டார்கள். "தம்பி, ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை நாளுல்லா" என்றார்கள். அண்ணன் வேலை பார்ப்பது கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணியில். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும் அப்படித்தான். ஆனால் பெரியம்மா தன் மகளோடு, அதாவது எங்கள் அக்காவோடு, இருக்கும் பட்டர்வொர்த் பினாங்கு மாநிலத்தைச் சேர்ந்தது. அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. இரண்டு ஊர்களுக்கும் இடையே 35 கிலோமீட்டர் அளவுதான் இருக்கும் என்றாலும், அண்ணனும் அக்காவும் ஒன்றாக வீட்டில் இருக்கும் நாள் சனிக்கிழமை ஒன்றுதான்.

அதைக் கேட்ட பிறகுதான் திட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். சனிக்கிழமை பெரியம்மா வீட்டில் எல்லாரும் கூடுவது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் மற்ற நாள்களைக் கோத்தேன். என்னைக் கேட்டால் இந்த வகைப் பயணத்துக்கு இதுதான் சரியான வரிசை. கோபுரமும் மலையும் எந்தக் கிழமை போனாலும் அங்கேயே இருக்கும். வேலைக்குப் போகிற உறவினர் நமக்காக எந்த நாளில் வீட்டில் இருக்க முடியும் என்பதை நாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முந்தியது. நாம் இரவுச் சாப்பாடு முடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் அவர்களுக்குப் பதினொன்றரை ஆகியிருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பேசுங்கள்.

இனி ஆவணங்கள். இந்தியக் குடிமக்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் வரை மலேசியாவில் தங்கலாம். இந்தச் சலுகை 2026 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா வேண்டாம் என்றதும் நான் மற்றவற்றில் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதக் காலம் மிச்சமிருக்க வேண்டும் என்பது விதி. அம்மாவின் பாஸ்போர்ட் 2015 செப்டம்பரில் இதே பயணத்துக்காக எடுத்தது. அப்பாவின் உடல்நிலை காரணமாக அந்த முறை போக முடியாமல், ஒரு முத்திரைகூட விழாமல் பீரோவிலேயே பத்தாண்டுகள் கிடந்தது. மே மாதம் பயணம் என்றால் நான்கு மாதம்தான் மிச்சம். நல்ல வேளையாக டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மனைவி அதைக் கவனித்துச் சொன்னதால், திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் புதுப்பித்துக்கொண்டோம்.

அதன் பிறகும் ஒரு தவறு நடந்தது. நம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இருப்பதுபோல், அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. டிக்கெட் போட்டுக்கொடுத்த முகவர் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்று, எங்களிடம் கேட்காமலே அப்பாவின் பெயரை எழுதிவிட்டார். பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. திருத்துவதற்குத் தனியாகப் பணம் கட்டினோம். பணத்தைவிட அந்த இரண்டு நாள் அம்மா பட்ட கவலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. "எம்பேரால எல்லாரும் நின்னு போயிருவியளோ" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். டிக்கெட் கைக்கு வந்த அன்றே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

மலேசியாவுக்குள் நுழையும் மின்னணு வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளங்களில் நிரப்பாதீர்கள். திரும்பும் டிக்கெட், தங்கும் வீட்டு முகவரி, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தாளில் அச்சிட்டு அம்மாவின் கைப்பையிலும் ஒரு படி வைத்தோம். ரொக்கமாக இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரைதான் கொண்டுபோகலாம்.

திருநெல்வேலியிலிருந்து எங்கே விமானம் ஏறுவது என்பதிலும் வீட்டில் பேச்சு நடந்தது. 2024 டிசம்பர் முதல் சென்னையிலிருந்து பினாங்குக்கே நேரடி விமானம் இருக்கிறது. உறவினரை மட்டும் பார்ப்பதாக இருந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய் அதைப் பிடிப்பதுதான் எளிது. பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரைக் காட்ட வேண்டும் என்பதால் நாங்கள் வேன் வைத்துத் திருச்சி போய், செவ்வாய் இரவு விமானத்தில் ஏறி, நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கினோம்.

புதன்கிழமை பகலில் தூங்கி எழுந்து, வெயில் தாழ்ந்த பிறகு பத்துமலைக்குப் போனோம். குகைக்குப் போகும் 272 படிகளைப் பிள்ளைகள் ஏறினார்கள். முழங்கால் வலி இருப்பதால் அம்மா கீழேயே, 140 அடி முருகன் சிலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர்களை மேலே ஏற்றியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கீழே இருந்தே கும்பிட்டதில் அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. இரட்டைக் கோபுரத்தை இரவு விளக்கில் வெளியிலிருந்து பார்த்ததோடு கோலாலம்பூரை முடித்துக்கொண்டோம். லங்காவியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டேன். அதில் எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

வியாழக்கிழமை இடிஎஸ் என்ற மின்சார ரயிலில் சுங்கைப் பட்டாணி. நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். சுத்தமான, குளிரூட்டிய ரயில், முன்பதிவு அவசியம். அங்குள்ள பள்ளி விடுமுறை நாள்களில் இடம் கிடைப்பது கடினம் என்று அண்ணன் முன்பே எச்சரித்திருந்ததால் நேரத்தோடு எடுத்துவிட்டோம். அன்றும் மறுநாளும் அண்ணன் வீட்டில் தங்கினோம்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு விடுமுறை. காரில் எங்களை மெர்போக்குக்கு அழைத்துப் போனார்கள். உறவினரையும் ஊரையும் ஒரே நாளில் பார்க்க இதைவிட நல்ல இடத்தை நான் சொல்ல மாட்டேன். பூஜாங் பள்ளத்தாக்கின் தொல்லியல் அருங்காட்சியகம் அங்கேதான், ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இராசேந்திர சோழன் 1025இல் படையெடுத்த கடாரம் என்று நாம் பாடத்தில் படித்த நிலப்பகுதி இதுதான். அருங்காட்சியகத்தை ஒட்டி, ஓடைக்கு மேலே, புக்கிட் பத்து பகாட் என்ற பழைய கோயிலின் அடித்தளத்தைக் கருங்கல்லால் மீண்டும் அடுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சுவரோ விமானமோ இல்லை. மேடையும் படிக்கட்டும், மரத்தூண்கள் நின்ற கல் பீடங்களும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. மகன் ஒரு பீடத்தின் நடுவில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆதிச்சநல்லூர்ல பாத்ததைவிட இது பழசாப்பா?" என்று கேட்டான். ஆதிச்சநல்லூர்தான் மிகப் பழையது என்று சொன்னதும் அவனுக்கு ஒரே பெருமை. பிறந்தது முதல் அந்த மலையைப் பார்த்து வளர்ந்த அண்ணனின் மகளும் அன்றுதான் முதல் முறையாக அந்தக் கோயிலைப் பார்த்தாளாம்.

சனிக்கிழமை காலை பட்டர்வொர்த். பெரியம்மா இருப்பது அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு மணியிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருப்பதாக அக்கா சொன்னார்கள். அம்மா "எக்கா" என்றார்கள். "ஏட்டி, நீயும் கெழவி ஆயிட்டியே" என்று பெரியம்மா அம்மாவின் நரைத்த முன்முடியை ஒதுக்கிவிட்டார்கள். அதற்கு மேல் சிறிது நேரம் இருவராலும் பேச முடியவில்லை. நாங்கள் பைகளை உள்ளே எடுத்து வைப்பதுபோல் நகர்ந்துகொண்டோம்.

கொண்டுபோன பொருள்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய், பழம், செடி, இறைச்சி எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். அனுமதி இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் கசகசாவை மறந்தும் பெட்டியில் வைக்கக் கூடாது. நாங்கள் அல்வாவும், சுண்டவத்தலும், உடன்குடிக் கருப்பட்டியும் கொண்டுபோனோம். அல்வாவில் நெய் கசியும் என்பதால் எவர்சில்வர் டப்பாவில் வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பெரிய பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே வைத்தோம். அம்மா தனியாக ஒரு பத்தமடைப் பாயைக் கையிலேயே கொண்டுவந்தார்கள். மெல்லிய கோரையில் நெய்த அந்தப் பாய், மடித்தால் பட்டுச்சேலை அளவுக்குத்தான் வந்தது. பெரியம்மா அதைத் தரையில் விரித்து, ஓரத்தில் நெய்திருந்த தன் பெயரையும் பெரியப்பாவின் பெயரையும் விரலால் தடவிக்கொண்டே இருந்தார்கள். கல்யாணத்துக்குக் கொடுத்த பாய் கப்பலிலேயே தொலைந்துபோனதாம். அது எனக்கு அன்றுவரை தெரியாது. அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதி. கல்யாணத்துக்கு மறுநாள் நம் வீடுகளில் வைக்கும் அதே சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்குப் பொரியல். முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பெரியம்மா கையால் பிழிந்து வைத்திருந்தார்கள். அண்ணன், அக்கா, அவர்களின் சம்பந்தக்காரர்கள், பெரியப்பாவின் தம்பி பிள்ளைகள் எல்லாருமாக இருபத்திரண்டு பேர் அங்கேயே வந்துவிட்டார்கள். இதனால் ஒவ்வொரு வீடாகக் காப்பிக்குப் போகிற அலைச்சல் எங்களுக்கு இல்லாமல் போனது. வீட்டுக்கு வரவில்லையே என்ற மனக்குறையும் யாருக்கும் வரவில்லை. "எல்லாரையும் அம்மா வீட்டிலேயே பார்த்துவிடுகிறார்கள்" என்று அக்கா முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லி வைத்ததுதான் காரணம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்களோடு ஃபெர்ரியில் ஜார்ஜ் டவுனுக்கு வந்தார்கள். பெரியம்மாவும் வந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த நகரம் அது. 1801இல் கட்டிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1818இல் கட்டிய புனித ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. காலை பதினொரு மணிக்குள் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் புழுக்கமும் பெரியவர்களுக்குத் தாங்காது. ஃபெர்ரியில் திரும்பும்போது பெரியம்மா கண்ணாடி வழியே துறைமுகத்தைக் காட்டி, கப்பலிலிருந்து இறங்கிய அன்று அழுதுகொண்டே நின்ற கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள்.

திங்கட்கிழமை எல்லாரும் பினாங்கு மலைக்குப் போவதாகத் திட்டம். காலையில் அம்மா, "நீங்க போயிட்டு வாங்க, நான் எக்கா கூட இருக்கேன்" என்றார்கள். டிக்கெட் வீணாகிறதே என்று ஒரு கணம் நினைத்தேன்; நல்லவேளை வாய்விட்டுச் சொல்லவில்லை. 1923 முதல் ஓடும் மலை ரயிலில் நாங்கள் நால்வர் மட்டும் போய் வந்தோம். மாலையில் திரும்பியபோது இருவரும் அந்தப் பத்தமடைப் பாயில் எதிரெதிரே படுத்திருந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது, இருவருமே அதைப் பார்க்கவில்லை. காலையில் வைத்த பேச்சு அப்போதும் முடிந்திருக்கவில்லை. மறுநாள் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு விமானம் ஏறினோம்.

சகோதரிக்கு: உங்கள் சித்தப்பா இருக்கும் ஈப்போ, நாங்கள் போன அதே ரயில் பாதையில்தான் வருகிறது. கோலாலம்பூரிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பேராக் மாநிலத்தில் விடுமுறை சனி, ஞாயிறு. அந்த இரண்டு நாளையும் அவர்களுக்கென்று முதலில் ஒதுக்கிவிட்டு, பத்துமலையை முன்னாலோ பின்னாலோ வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாமியாரும் வருவதாக எழுதியிருந்தீர்கள். அவர்களின் பாஸ்போர்ட் எந்த மாதத்தோடு முடிகிறது என்பதை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.